சுவருக்குள் ஓடும் ரேடியேட்டர் குழாய்கள்: புது வீடு வாங்குவோர் கேட்க வேண்டியவை

கேள்வி: இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் கட்டிவரும் புதிய வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களுக்கு 10 மி.மீ. பிளாஸ்டிக் குழாய்களை மேல்தளத்திலிருந்து சுவருக்குள் இறக்குகிறார்கள். செம்புக் குழாய்தான் நீடிக்கும் என்கிறார் உறவினர். என்ன செய்யலாம்?

பதில்: பிளாஸ்டிக் என்பதற்காக அஞ்ச வேண்டாம். கீழ்த்தளத் தரை கான்கிரீட்டாக இருக்கும் வீடுகளில், மேல்தளத் தரைக்கு அடியில் குழாயை ஓட்டி, சுவரை மூடும் ஜிப்சம் பலகையான பிளாஸ்டர்போர்டுக்குப் பின்னால் கீழே இறக்குவது அங்கே வழக்கமான முறைதான். சுருளாக வரும் பிளாஸ்டிக் குழாயை வளைத்து ஒரே துண்டாக இறக்கிவிடலாம் என்பதால், சுவருக்குள் கசியக்கூடிய இணைப்பே இல்லாமல் செய்ய முடியும். ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள குழாய்தானா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் குழாய் வழியே புகும் ஆக்சிஜன், எஃகு ரேடியேட்டரை உள்ளிருந்தே அரித்துக் கருஞ்சேற்றை உண்டாக்கும்.

என் கவலையெல்லாம் குழாயின் அளவைப் பற்றியது. 10 மி.மீ. பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம் சுமார் 7 மி.மீ.தான். 1.5 கிலோவாட் ரேடியேட்டர் ஒன்றில் நீர் 20 டிகிரி குளிர்ந்து திரும்பும்படி அமைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீர் போதும். அதற்கு இந்தக் குழாய் தாராளம். பின்னாளில் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்று போன்றவற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளிழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்து, 5 டிகிரி மட்டுமே குளிரும்படி ஓட்டினால், அதே வெப்பத்துக்கு 4 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். அப்போது குழாய் இரையும், பம்பும் திணறும். 2022 ஜூன் முதல் இங்கிலாந்தின் கட்டட விதிகளே, புதிய வீடுகளின் வெப்ப அமைப்பை இயன்றவரை 55 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத நீரில் இயங்கும்படி வடிவமைக்கச் சொல்கின்றன. ஆகவே, ஒவ்வோர் அறைக்குமான வெப்ப இழப்புக் கணக்கையும், எந்த நீர் வெப்பநிலைக்கு ரேடியேட்டர்களைத் தேர்ந்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரவேற்பறை போன்ற பெரிய அறைகளுக்கேனும் 15 மி.மீ. குழாய் கேளுங்கள்.

பிளாஸ்டர்போர்டு அடிக்கும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உலோகம் தேடும் கருவிக்குப் பிளாஸ்டிக் குழாய் அகப்படாது. படம் மாட்ட ஆணியடிப்பவருக்கும் அலமாரி பொருத்துபவருக்கும் அந்தப் புகைப்படமே வழிகாட்டி. குழாய்களைக் கழுவித் துருத்தடுப்பான் கலந்ததற்கான பதிவையும் சாவியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய் அளவை மாற்றும் கோரிக்கையைச் சுவர் மூடப்படும் முன்பே, இந்த வாரமே, கட்டுநருக்கு எழுதிவிடுங்கள்; மூடிய பிறகு மாற்ற வேண்டுமானால் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.