"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நாங்கள் அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். கறுப்பினப் பெண் குழந்தை ஒன்றை எட்டு மாதக் கைக்குழந்தையாகத் தத்தெடுத்தோம். இப்போது அவளுக்கு 12 வயது. தமிழ் நன்றாகவே புரியும்.

போன மாதம் வீடியோ காலில் என் அம்மா, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா. கொடுத்து வெச்சவ" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். மகள் எழுந்து போய்விட்டாள். அன்று இரவு டிவியில் ஒரு படம். தத்துப் போன பெண் கடைசியில் பெற்றவளைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மகள் டிவியை அணைத்துவிட்டு, "படத்துல எல்லாம் தத்துப் பிள்ளைன்னா அம்மாவைத் தேடி அழணும், இல்லேன்னா கொலைகாரியா ஆகணும். நான் எதும்மா?" என்றாள்.

"நாங்க நிறமெல்லாம் பாக்கிறதே இல்லையே கண்ணு" என்றேன்.

"கடையில செக்யூரிட்டி என் பின்னாடி மட்டும்தானே வர்றார்?" என்றாள். வாயடைத்துப் போனேன். எங்கே தவறினேன்?

– ஒரு தாய்

அன்புச் சகோதரி,

அவள் உங்களிடமே கேட்டாள் பாருங்கள், அது எனக்குப் பெரிய நிம்மதி. கேட்காமலே வளர்ந்துவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

முதலில் அந்த "இருந்தாலும்". பாட்டிக்கு அது பாராட்டு. பேத்தி காதில், "உன் நிறம் ஒரு குறை, போகட்டும்" என்று விழுகிறது. "கொடுத்து வெச்சவ" அதைவிடக் கனமானது. பெற்றவளை இழந்துதான் உங்களிடம் வந்தாள். அந்த இழப்பையும் சேர்த்து அதிர்ஷ்டம் என்றால் அவள் எங்கே போய் அழுவாள்?

1972-இல் அமெரிக்கக் கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம், கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் நிறவெறியைச் சமாளிக்க இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லித்தருவார்கள் என்ற அவர்களின் கவலை நியாயமானது. "நாமும் கறுப்புத்தானே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அந்தக் கடையில் உங்களை விட்டுவிட்டார்களே.

படங்களுக்குக் கட்டிப்பிடிக்கும் காட்சியோடு கதை முடிந்துவிடுகிறது. தென்கொரியாவிலிருந்து சுமார் 2,00,000 பிள்ளைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள், பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்கு. அவர்களில் பலர் வளர்ந்தபின் தங்கள் ஆவணங்களைக் கேட்டுப் போராடினார்கள். 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பதிவுகள் திரிக்கப்பட்டதையும் உரிமைகள் மீறப்பட்டதையும் உறுதிப்படுத்தியது. படத்தில் வரும் இரண்டு வகையிலும் அடங்காதவர்கள் இவர்கள். இப்படி வளர்ந்தவர்கள் தாங்களே எழுதியதை, பேசியதை இருவரும் சேர்ந்து தேடிப் படியுங்கள். "நான் எது?" என்பதற்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டியதில்லை. "நீ சொல்லு, கேக்கறேன்" என்றால் போதும்.

இன்னொன்று கேட்கிறேன். அவள் தலைமுடியை யார் பின்னுகிறார்கள்? கறுப்பினப் பெண்கள் நடத்தும் சலூனுக்கு மாதாமாதம் அழைத்துப் போங்கள். பின்னி முடிக்க மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் தன்னைப் போன்ற முடியும் நிறமும் உள்ளவர்கள் நடுவே, அவர்கள் பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். அங்கே நீங்கள்தான் வேற்றாளாகத் தெரிவீர்கள். கூச்சமாக இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள். நம் விசேஷ வீடுகளில் அவள் இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டாம். அடுத்த காலில், மகள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்: "அம்மா, 'இருந்தாலும்' வேண்டாம். அவ களையா இருக்கா, அவ்வளவுதான்."