தீவுப் பயணத்துக்குச் சாப்பாட்டுப் பொருள்: கட்டிக்கொண்டு போவதா, அங்கேயே வாங்குவதா?

தீவு விடுதிகளில் சமையலறைக்குச் சாமான் வாங்கிப்போடும் வேலையில் ரொம்பக் காலம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, நாங்கள் நாலு பேர், ஒரு வாரம், சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறோம். மொத்த மளிகையையும் கொண்டு போய்விடலாமா?

பதில்: மொத்தமும் வேண்டாம் தம்பி. ஒவ்வொரு சாமானையும் எடுக்கும்போது, இது அந்தத் தீவில் விளைகிறதா அல்லது கப்பலில் வந்து இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மீன், தேங்காய், அந்தப் பருவத்துப் பழம், கீரை எல்லாம் அங்கே விளையும் என்றால் அங்கேயே வாங்குங்கள். கப்பலில் வருவதன் விலையில் ஏற்றுக்கூலி, இறக்குகூலி, வழியில் கெட்டுப்போனதன் நஷ்டம், கடைக்காரர் ஜெனரேட்டர் வைத்துக் குளிர்பெட்டி ஓட்டும் டீசல் செலவு எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதில் எடை குறைந்ததும் கெடாததும் எதுவோ அதை நீங்கள் கொண்டு போங்கள். காபித்தூள், மசாலாத்தூள், பால் பவுடர், உலர் பழம், குழந்தைகளின் பிஸ்கட் என்று ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். அரிசியையும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஆள் வசிக்கும் தீவில் அவை எப்படியும் இருக்கும், விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டும் காசில் அங்கேயே வாங்கிவிடலாம்.

கேள்வி: சரி சார், தீவுக் கடையில் எப்போது வாங்கினால் நல்ல பொருள் கிடைக்கும்?

பதில்: போய் இறங்கியதும் கப்பல் என்றைக்கு வரும் என்று கேளுங்கள். சின்னத் தீவு என்றால் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், கடல் கொந்தளித்தால் அதுவும் தள்ளிப்போகும். சரக்கு இறங்கிய மறுநாள் முட்டையும் காய்கறியும் புதிதாக இருக்கும், அடுத்த கப்பலுக்கு முந்தின நாள் போனால் வாடிய தக்காளியைத்தான் பொறுக்க வேண்டும். அப்புறம், பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: இறைச்சியை உறைய வைத்துக் கொண்டு போகலாமா? உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ், உறைந்த கரியமில வாயு) வைத்தால் விமானத்தில் விடுவார்களா?

பதில்: விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஓர் ஆளுக்கு 2.5 கிலோ வரை உலர் பனிக்கட்டி கொண்டு போகலாம், ஆனால் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது, அது கரியமில வாயுவாக மாறி வெளியேற வழி வேண்டும். உள்நாட்டுப் பயணம் என்றால் பரவாயில்லை. வேறு நாட்டுத் தீவுக்கு என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். கால்நடை நோய்க் கிருமிகள் இறைச்சியோடு பயணம் செய்யும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியில்கூட மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் பல நாடுகளில் இறைச்சியை இறங்கும் இடத்திலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: மற்றபடி எதெல்லாம் பிடிபடும்? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை அம்மா, அந்த நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதியபின் ஆகாத பொருள் இருந்தால் பெரும்பாலும் அதைக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் வம்பு. நியூசிலாந்தில் அறிவிக்காத ஒரு ஆப்பிளுக்குக்கூட 400 டாலர் அபராதம் விழலாம். புதுப் பழம், விதை, தேன் மூன்றிலும் கவனம் வேண்டும், பழ ஈயும் தேனீ நோயும் ஒரு தடவை தீவுக்குள் நுழைந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. மாலத்தீவுக்கு மதுவும் பன்றி இறைச்சியும் கூடாது. சிங்கப்பூருக்குக் கசகசா கூடாது, மசாலாப் பொட்டலத்தை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். விமானத்துக்குள் எடுத்துப்போகும் பையில் ஜாம், தேன் எல்லாம் திரவக் கணக்கில் வரும், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

கேள்வி: தீவில் பிடித்த மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?

பதில்: கண்ணைத் திறந்தே வாங்குங்கள். வெப்பமண்டலப் பவளப்பாறைக் கடல்களில் சிகுவாட்டெரா என்று ஒரு நஞ்சு உண்டு. பாறையில் படியும் நுண்பாசியில் உண்டாகி, அதைத் தின்ற சின்ன மீன், அதைத் தின்ற பெரிய மீன் என்று சேர்ந்துகொண்டே போகும், அதனால் பெரிய சீலா, பெரிய களவா, அஞ்சாளை போன்றவற்றில்தான் அதிகம். மணத்திலோ ருசியிலோ தெரியாது, வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. வாந்தி, பேதி, கைகால் மரமரப்பு வரும், சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர் சுடுவதுபோல் இருக்கும். எந்தப் பாறைப்பக்கத்து மீனைச் சாப்பிடுவதில்லை என்று உள்ளூர் மீனவர்களுக்குத் தெரியும், கூச்சப்படாமல் கேளுங்கள். சூரை மீன் வேறு கதை, அது வெயிலில் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகிவிடும், சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை வலிக்கும். பனிக்கட்டியில் வைக்காத சூரையைத் தொடாதீர்கள்.

கேள்வி: வழிக்குச் சமைத்துக் கட்டிக்கொண்டு போவது எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். ஈரமான சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம், அதற்குள் தின்றுவிட வேண்டும். படகு தாமதமாகும் என்பதையும் சேர்த்தே யோசித்து, வழிக்கு உலர்ந்த பண்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. எதை நம்புவது?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்ன கணக்கெல்லாம் செல்லாது, அவன் சாப்பிடுவதை முழுக்கக் கொண்டு போங்கள், இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே. மருந்தைக் கைப்பையில் வையுங்கள். கைக்குழந்தையின் பால் பவுடரும் இப்படித்தான், அதே வகை அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனால் உள்ளூர்க்காரர்களுக்கு என்ன லாபம்?

பதில்: நியாயமான கேள்வி. மீனையும் பழத்தையும் அவர்களிடம் வாங்கினால் காசு தீவிலேயே நிற்கும், இறக்குமதி பிஸ்கட்டை அங்கே வாங்கினால் பாதிக்கு மேல் கப்பலேறித் திரும்பிவிடும். என்னைக் கேட்டால் மிச்சம் பிடிப்பதை விட இதற்காகவே சந்தைக்குப் போகலாம். தண்ணீர் பஞ்சமான தீவு என்றால் வடிகட்டியோடு ஒரு குப்பியைக் கொண்டு போங்கள், காலி பிளாஸ்டிக்கைக் கொட்ட அங்கே இடம் கிடையாது.

கேள்வி: திரும்பும்போது அங்கிருந்து பழம் கொண்டு வரலாமா?

பதில்: அதே சட்டம் திரும்பும் வழியிலும் உண்டு. ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகிறவர்களின் பெட்டியையே சோதிப்பார்கள், அன்னாசியும் தேங்காயும் போகும், பெரும்பாலான மற்றப் புதுப்பழம் போகாது. மாம்பழம் மீந்தால் கடைசி நாள் காலையிலேயே தின்று முடியுங்கள்.