நஞ்சுக்கொடியின் நொதிகள்: உயிர்வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்

கேள்வி: எனக்கு இது எட்டாம் மாதம், அம்மா. இரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் கூடியிருக்கிறது. கல்லீரலில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை, மகளே. நஞ்சுக்கொடியும் இந்த நொதியைத் தாயின் இரத்தத்தில் சேர்ப்பதால், கடைசி மூன்று மாதங்களில் அது ஏறுவது இயல்பு. சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் வைத்தால் கல்லீரல், எலும்பு நொதிகள் செயலிழந்துவிடும்; கர்ப்பிணியின் சீரத்தில் மட்டும், வினைப்பொருளைச் சேர்த்ததும், நொதி இன்னும் வேலை செய்வதைக் காட்டும் மஞ்சள் நிறம் ஏறுவதை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ அரிப்பு இருந்தால், பித்தநீர்த் தேக்கமாக இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: குறைப்பிரசவ அச்சத்தால் என் மனைவிக்குப் பீட்டாமெத்தசோன் ஊசி போட்டார்கள். கர்ப்பிணியான என் தங்கைக்கோ ஆஸ்துமாவுக்காகப் பிரெட்னிசலோன். இரண்டும் ஸ்டீராய்டுதானே, பின் ஏன் வெவ்வேறு மருந்து?

பதில்: நல்ல கேள்வி. தாயின் இரத்தத்தில், உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் குழந்தையின் இரத்தத்தில் உள்ளதைப் போல் பல மடங்கு இருக்கிறது. அது முழுவதும் உள்ளே போனால் கருவின் வளர்ச்சி குன்றும். ஆகவே நஞ்சுக்கொடியின் வெளியடுக்கில் உள்ள 11 பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ் இரண்டாம் வகை நொதி, கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. பிரெட்னிசலோனுக்கும் பெரும்பாலும் அதே கதிதான்; தாய்க்கு மருந்து கிடைக்கிறது, குழந்தைக்குச் சிறு பங்கே சேர்கிறது. பீட்டாமெத்தசோன் மூலக்கூறில் ஒரு ஃபுளோரின் அணு இருப்பதால் இந்த நொதியால் அதை எளிதில் மாற்ற முடிவதில்லை; அது குழந்தையை எட்டி நுரையீரலை முதிரச் செய்கிறது. 1972இல் நியூசிலாந்து மருத்துவர்களான லிகின்ஸும் ஹோவியும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே இந்தச் சிகிச்சை பரவியது. எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிடக் காரணமான ஊசி அது.

கேள்வி: இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் குடிக்கலாமா?

பதில்: கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. அதிமதுரத்தின் கிளைசிரைசின், மேலே சொன்ன அதே நொதியைத் தடுக்கிறது. காவல் தளர்ந்தால் தாயின் கார்ட்டிசால் உள்ளே கசியும். அதிமதுர மிட்டாயை விரும்பி உண்ணும் பின்லாந்தில், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படியே அறிவுறுத்துகிறார்கள். எப்போதோ ஒரு வாய் குடித்துவிட்டதற்காகக் கலங்க வேண்டாம்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு மீன்செதில் போலத் தோல் உரிகிறது. அவனைச் சுமந்தபோது எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் மிகக் குறைவு என்றார்கள். தொடர்பு உண்டா?

பதில்: இருக்கக்கூடும். கருவின் அட்ரினல் சுரப்பி அனுப்பும் மூலப்பொருளிலிருந்து சல்பேட்டை நீக்கும் சல்பட்டேஸ் நொதி இல்லையென்றால், நஞ்சுக்கொடியால் போதிய எஸ்ட்ரியாலைச் செய்ய முடியாது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே இக்குறை வருகிறது. அதே நொதி தோலிலும் தேவைப்படுவதால் பிறந்தபின் செதில் தோன்றுகிறது. சில தாய்மார்களுக்குப் பிரசவ வலி தொடங்கத் தாமதமாகும் என்பதால், அடுத்த கர்ப்பத்தின் முதல் சந்திப்பிலேயே இதை மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.