குமாஸ்தா வேலையா அது?

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு பல்கலைக்கழகத் தத்துவ ஆய்வு மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். மறைந்த பேராசிரியர் ஒருவரின் காகிதங்களை அவர் குடும்பத்தார் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். டிரங்குப் பெட்டிகள் நிறைய வகுப்புக் குறிப்புகள், கடிதங்கள், பாதியில் நின்ற கட்டுரைகள். அவர் சொல்லச் சொல்ல ஸ்டெனோ எடுத்த ஷார்ட்ஹேண்ட் நோட்டுகளும் நிறைய. (அந்த அம்மா ஓய்வுபெற்று இதே ஊரில்தான் இருக்கிறாராம்.) இடமில்லை, ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைக் கழித்துவிடலாம் என்கிறார் இயக்குநர். எந்த மென்பொருள் நல்லது? கடிதங்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாமா? தத்துவம் படிக்க வந்து குமாஸ்தா வேலை பார்க்கிறேனே என்ற வருத்தமும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

மென்பொருளை உங்கள் நூலகரிடம் கேளுங்கள். கடிதங்களுக்கு, எழுதியவர்களிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதுவரை பூட்டியே இருக்கட்டும். என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. கொஞ்ச நாளாக பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஹுஸ்ஸர்ல் காப்பகத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் வந்து 'குமாஸ்தா வேலை' என்கிறீர்கள்.

நம் அனுபவத்தில் பொருள்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் தத்துவமான நிகழ்வியலைத் தொடங்கிவைத்த எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் 1938 ஏப்ரலில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் இறந்தார். யூதராகப் பிறந்தவர் என்பதால் நாஜி ஆட்சி அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. அவர் விட்டுப்போனது சுமார் 40,000 பக்கக் கையெழுத்துப்படிகள். அந்த ஆகஸ்டில் லூவனிலிருந்து வான் பிரேடா என்ற பிரான்சிஸ்கன் துறவி வந்தார். வயது 27. தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு வேண்டியதைப் பார்த்துவிட்டுப் போக வந்த மாணவர். பார்த்த பிறகு, இவை இனி ஜெர்மனியில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். பெர்லினில் இருந்த பெல்ஜியத் தூதரகத்தின் உதவியோடு அவ்வளவும் ஆண்டு முடிவதற்குள் லூவன் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு ஹுஸ்ஸர்லின் மனைவி மால்வினும் வந்தார். போர்க்காலம் முழுக்க லூவனுக்குப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் மறைந்து வாழ்ந்தார்.

இந்தச் சாகசம் பலருக்கும் தெரியும். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கானது. அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை கேபல்ஸ்பெர்கர் என்ற ஜெர்மன் முறைச் சுருக்கெழுத்து. ஹுஸ்ஸர்லே சேர்த்துக்கொண்ட குறிகளும் அதில் உண்டு. அதை ஓட்டமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் அவருடைய உதவியாளர்களாக இருந்த ஓய்கன் ஃபிங்க்கும் லுட்விக் லாண்ட்கிரேபேயும். வான் பிரேடா பணம் திரட்டி, 1939இல் அந்த இருவரையும் லூவனுக்கே வரவழைத்துவிட்டார். வாசிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் 40,000 பக்கமும் வெறும் கிறுக்கல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அங்கே செய்தது உங்கள் குமாஸ்தா வேலைதான், தம்பி. கோடுகளை வாசித்து வாசித்து டைப் அடித்தார்கள். இருவரும் தத்துவவாதிகள்.

என் அத்தை ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. டைப்பிலும் ஹையர், ஷார்ட்ஹேண்டிலும் ஹையர். பென்சிலை இரண்டு முனையிலும் சீவி வைத்திருப்பார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அன்றைய நோட்டை வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். அவர் எழுதிய ஆங்கிலச் சுருக்கெழுத்தான பிட்மன் முறையில் 'பென்' என்பதன் முதல் எழுத்துக்கு மெல்லிய கோடு. 'பஸ்' என்பதற்கு அதே கோட்டை அழுத்திப் போட வேண்டும். அவசரத்தில் உயிரெழுத்துக் குறிகளை விட்டுவிடுவார்கள். ஒரே கோடு இரண்டு மூன்று சொல்லாக நிற்கும். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால், "ஆபீசர் என்ன சொல்ல வர்றார்னு தெரியணும்டி" என்பார். ஓர் அலுவலக ஆணைக்கே அப்படியென்றால், காலம் பற்றிய தத்துவக் குறிப்புக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! ஒவ்வொரு கோட்டிலும், இவர் இங்கே சொல்ல வருவது என்ன என்று முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் படிக்க வந்த தத்துவத்தை இதைவிட நெருக்கமாக வேறெங்கே படிப்பீர்கள்?

அத்தை போன பிறகு அந்த நோட்டில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போயின. மிஞ்சியவற்றில் அழுத்தியது எது, அழுத்தாதது எது என்று பிரிக்க முடியவில்லை. கேபல்ஸ்பெர்கர் முறையிலும் அழுத்தத்துக்குப் பொருள் உண்டு. ஸ்கேன் தாராளமாக எடுங்கள், வண்ணத்தில் எடுங்கள். மூலத்தைக் கழிக்கும் பேச்சை மட்டும் இயக்குநர் விட்டுவிட வேண்டும். இடமில்லையாம்! 1940 மே மாதம் லூவன் பல்கலைக்கழக நூலகமே குண்டுவீச்சில் எரிந்தது. ஜெர்மனி ஆக்கிரமித்த அந்த நாட்டில்கூட ஹுஸ்ஸர்லின் காகிதங்களைக் காப்பாற்ற இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. பெட்டிக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். ஹுஸ்ஸர்ல் இருந்தபோதே, 1935இல், ஃபிங்க்கும் லாண்ட்கிரேபேயும் அவருடைய கையெழுத்துப்படிகளை ஏ முதல் எஃப் வரை எழுத்துக் கொடுத்துப் பிரித்திருந்தார்கள். காப்பகம் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு மேற்கொண்டு எழுத்துகள் கொடுத்தது. காலம் பற்றிய பிற்காலக் குறிப்புகளை இன்றும் 'சி' படிகள் என்றுதான் சொல்கிறார்கள். 1950இல் தொடங்கிய ஹுஸ்ஸர்ல் நூல்வரிசை நாற்பது தொகுதிகளைத் தாண்டிவிட்டது. வான் பிரேடா 1974இல் இறக்கும்வரை காப்பகத்தை நடத்தினார்.

இந்த வேலையைச் செய்கிறவர்களை நாம் நடத்தும் விதம்தான் எனக்கு ஆறவே இல்லை. எடித் ஸ்டைன் என்ற தத்துவவாதி 1916 முதல் 1918 வரை ஹுஸ்ஸர்லின் உதவியாளர். ஹுஸ்ஸர்லின் சுருக்கெழுத்துத் தாள்களைப் படியெடுத்து, காலம் பற்றிய உரைகளைக் கோத்து ஒழுங்குபடுத்தியவர். 1928இல் அது அச்சில் வந்தபோது பதிப்பாசிரியர் என்று இன்னொரு தத்துவவாதியான ஹைடெகர் பெயர் இருந்தது.

நீங்களோ அந்த ஸ்டெனோ அம்மாவை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். உங்கள் காப்பகமே அவர்தான், க. இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஆட்டோ வைத்து மையத்துக்கு அழைத்து வாருங்கள். மூல நோட்டை முன்னால் வைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் தானாக வைத்துக்கொண்ட குறிகள் எவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் மாதச் சம்பளம் பேசுங்கள். நூலாக வரும்போது படியெடுத்தவர் என்று அவர் பெயர் தலைப்புப் பக்கத்தில் வர வேண்டும். அதை இயக்குநரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா