பத்திரிகைகள் பணக்காரக் குடும்பங்களின் கையில் இருப்பது தவறா?

தமிழ்நாட்டில் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் சில செல்வக் குடும்பங்களின் கையிலேயே இருக்கின்றனவே, அவற்றின் செய்தியை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குடும்பம் பத்திரிகை நடத்துவதை நான் குற்றமாகக் கருதவில்லை. அந்தக் குடும்பத்துக்குப் பத்திரிகையே தொழிலா, அல்லது வேறு தொழில்களுக்குக் காவலாகப் பத்திரிகை வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் தந்தை அம்பாசமுத்திரம் பக்கம் நெடுங்காலம் பத்திரிகை முகவராக இருந்தார். விடியுமுன் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் கட்டுகளைப் பிரித்து, இணைப்பிதழ்களை உள்ளே செருகுவது பள்ளி நாள்களில் என் வேலை. ஒருமுறை பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் தீப்பிடித்துப் பணியாளர் ஒருவர் காயமடைந்தார். மறுநாள் ஒரு நாளிதழ் கடையின் பெயரைத் தலைப்பிலேயே போட்டிருந்தது. இன்னொன்று "பிரபல ஜவுளிக் கடையில்" என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. "கடைசிப் பக்கத்தத் திருப்பிப் பாருல" என்றார் தந்தை. அதே கடையின் முழுப் பக்க விளம்பரம் அங்கே இருந்தது.

வாசகர் தரும் விலை பல நேரங்களில் தாளுக்கும் மைக்குமே போதாது. மீதியை விளம்பரம்தான் ஈடுகட்ட வேண்டும். அச்சு இயந்திரம், தாள், வண்டி, முதல் சில ஆண்டுகளின் நட்டம் ஆகிய அனைத்தையும் தாங்கக்கூடியவர்களே நாளிதழ் தொடங்க முடியும் என்பதால், அது வசதியுள்ள குடும்பங்களிடம் போய்ச் சேர்வதில் வியப்பில்லை.

நெல்லைச் சீமைக்கு இந்த வரலாற்றில் பெரிய பங்கு உண்டு. திருச்செந்தூரை அடுத்த காயாமொழியில் பிறந்த சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எளிய நடையில் எழுதப்பட்ட அந்த இதழ், எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் டீக்கடை பெஞ்சுக்கு இழுத்து வந்தது. டி. வி. ராமசுப்பையர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர், கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு, 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. இரண்டும் இன்றுவரை குடும்பச் சொத்துகளே. இவற்றின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லாத நாள்கள் பல உண்டு. ஆனால் வாசகர் கைவிட்டால் கடையை மூட வேண்டும் என்ற அச்சம் பத்திரிகையையே நம்பியிருக்கும் முதலாளிக்கு இருக்கும், அந்த அச்சம் நமக்கு நல்லது.

உரிமையாளரின் கை எவ்வளவு நீளம் என்பதை அறியத் தென்காசிக்காரரான டி. எஸ். சொக்கலிங்கத்தைப் படித்துப் பாருங்கள். தினமணியைப் புகழ்பெறச் செய்த ஆசிரியர் அவர். உரிமையாளர் ராம்நாத் கோயங்காவோடு ஏற்பட்ட பிணக்கில் 1943இல் அவர் வெளியேறியபோது, புதுமைப்பித்தன் உள்ளிட்ட தோழர்களும் உடன் வெளியேறினார்கள். அடுத்து அவர் தொடங்கிய 'தினசரி' என்ற நாளிதழ் நிலைத்து நிற்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு பக்கம் வந்த பிறகும், அச்சகமும் முதலும் மறுபக்கம் இருந்தன.

இன்றைய நிலை எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. கே. பி. கந்தசாமி 1977இல் தொடங்கிய தினகரனை, 1993 முதல் தொலைக்காட்சி நடத்திவந்த சன் குழுமம் 2005இல் வாங்கியது; ஒரே குடும்பத்திடம் இதழும் அலைவரிசையும் சேர்ந்தன. அனைத்திந்திய அளவில், செய்தித் தொலைக்காட்சிகளை நடத்தும் நிறுவனங்களில் 2014இல் நெட்வொர்க்18 ரிலையன்ஸிடமும், 2022இல் என்டிடிவி அதானி குழுமத்திடமும் சென்றன. இந்தக் குழுமங்களின் தொழில்களான துறைமுகம், மின்சாரம், எண்ணெய், தொலைத்தொடர்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அரசின் அனுமதி வேண்டும். அத்தகைய குழுமத்தில் செய்திப் பிரிவின் வருமானம் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வாசகரோ பார்வையாளரோ கோபித்துக்கொண்டால் அங்கே யாருக்கு நட்டம்?

1956ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவு விதிகளின்படி, ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் ஒவ்வொரு பத்திரிகையும் "படிவம் 4" என்ற அறிவிப்பை வெளியிட்டு வந்தது. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் ஆகியோரின் பெயரும், மொத்த மூலதனத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயரும் அதில் இருக்கும். பொடி எழுத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே கிடக்கும். என் தந்தை அதை வெட்டித் தம் கணக்கு நோட்டில் ஒட்டி வைப்பார். பழைய இதழ்கள் ஏதேனும் நூலகத்தில் கிடைத்தால், மார்ச் முதல் வாரத்துக் கட்டை எடுத்து அந்தப் பெயர்களைப் படியுங்கள். பிறகு அந்தப் பெயர்களுக்கு வேறு என்னென்ன தொழில்கள் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.