மேல் இறக்கை ஏன் உட்காரவில்லை?

கேள்வி: டைகர் மாத் பயிற்சி விமானத்தை 1:33 அளவில் காகித மாடலாக நானே வடிவமைக்கிறேன். பழைய பத்திரிகை ஒன்றில் வந்த 1:72 படத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, அதன் மேல் பாகங்களை வரைந்தேன். உடலின் தாளைச் சுற்றினால் வயிற்றுப் பக்கம் 2 மி.மீ இடைவெளி விழுகிறது. மேல் இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்கள் எட்டவில்லை. ‘ஃபேக்டரி ஒரிஜினல் புளூபிரின்ட்’ 1:33 அளவிலேயே இருக்கிறது, பணம் அனுப்பினால் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது. பணத்தை அனுப்பாதீர்கள். அவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது, அதை அப்புறம் வைத்துக்கொள்வோம். உங்கள் மாடலில் இருக்கும் இரண்டு கோளாறுக்கும் படம் காரணம் இல்லை.

எதையும் திருத்துவதற்கு முன் பிரிண்டரைச் சோதியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே 100 மி.மீ கோடு ஒன்று, நெடுக்கே ஒன்று போட்டு, அச்சான பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ என்று விட்டுவிட்டால் பிரிண்டர் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். ஏ4 பக்கத்தை லெட்டர் தாளுக்குள் அடக்கினால் அளவு 94 சதவீதமாகிவிடும், 271 மி.மீ இறக்கை 255 ஆகிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ என்று மாற்றினால் சரி.

அடுத்து, ஸ்கேன் இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். டைகர் மாத்தின் இறக்கை விரிவு 29 அடி 4 அங்குலம், நீளம் 23 அடி 11 அங்குலம். 1:33-ல் அது 271 மி.மீ, 221 மி.மீ. படம் எந்த அளவில் இருந்தாலும் விரிவை நீளத்தால் வகுத்தால் 1.226-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 1.2 என்றோ 1.25 என்றோ வந்தால் பத்திரிகையின் நடுமடிப்பில் தாள் வளைந்திருந்தபோது ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். விரிவுக்கும் நீளத்துக்கும் தனித்தனியாகச் சரி செய்யுங்கள்.

இப்போது அந்த 2 மி.மீ. 1:72 படத்தில் அரை மி.மீ தடிமனாக இருந்த கோடு, 1:33-க்குப் பெரிதாகும்போது 1 மி.மீ-க்கு மேல் தடிக்கிறது. உடலுக்குள் குறுக்கே நிற்கும் ஃபார்மர் அட்டையை வெட்டும்போது அந்தக் கோட்டின் எந்த ஓரத்தில் கத்தி வைத்தீர்கள்? கால் மி.மீ வெளியே போனாலே போதும், சுற்றளவில் ஒன்றரை மி.மீ கூடிவிடும். உடல் பெரிதோ சிறிதோ, கணக்கு அதேதான். நம்ப முடியாவிட்டால் ஒரு பாட்டிலைச் சுற்றி நூல் கட்டிப் பாருங்கள். மீதி அரை மி.மீ சொச்சம் தாளின் தடிமன். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாள் ஏறத்தாழ 0.2 மி.மீ. பத்துத் தாளை அடுக்கி அளந்து பத்தால் வகுத்தால் உங்கள் தாளின் கணக்கு தெரிந்துவிடும். படத்தில் இருப்பது விமானத்தின் வெளி விளிம்பு. ஃபார்மரோ உள்ளே நிற்பது. ஆகவே கோட்டின் நடுவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு தாள் தடிமனைச் சுற்றிலும் உள்ளே தள்ளி வெட்டுங்கள். தாளைச் சுற்றும்போது அதன் இழை, உடலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடங்கி மடங்கித்தான் வளையும்.

ஸ்ட்ரட் விஷயம் வேறு. படத்தில் அளந்ததை அப்படியே வெட்டலாம் என்பது பொது விதி. இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு, உடல் வாலை நோக்கி ஒடுங்குவது இவற்றால் வரும் வித்தியாசம் முடியளவுதான், விட்டுவிடுங்கள். ஸ்ட்ரட்டை மட்டும் அப்படி விட முடியாது. முன்தோற்றத்தில் அது நேராக நிற்பதுபோலத் தெரிகிறது. நீங்கள் அங்கேதான் அளந்திருப்பீர்கள். பக்கத் தோற்றத்தில் பாருங்கள்: கீழ் இறக்கையிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து மேலே போகிறது. ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே நின்று பார்த்தால் ஏணி குட்டையாகத்தானே தெரியும்? அதே கதை. பேச்சுக்கு, உயரம் 40 மி.மீ, முன்சாய்வு 16 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 40-ஆல் பெருக்கினால் 1600, 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. கூட்டினால் 1856, அதன் வர்க்கமூலம் 43. மூன்று மி.மீ குறைவாக வெட்டிவிட்டு இறக்கை உட்காரவில்லை என்றால் எப்படி உட்காரும்?

பக்கத் தோற்றத்திலேயே அளந்துவிடலாமே என்று கேட்பீர்கள். முன்தோற்றத்தில் கொஞ்சமும் சாயாத ஸ்ட்ரட்டுக்கு அது போதும். பக்கவாட்டிலும் சாய்ந்திருந்தால் அதையும் அதே மாதிரிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்ட்ரட்டுக்கும் உயரம், முன்சாய்வு, பக்கச்சாய்வு என்று மூன்று எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு சாயங்காலம் போய்விடும்.

இந்தச் சாய்வு அழகுக்காக வந்ததும் இல்லை. முந்தைய மாத் விமானங்களில் முன் இருக்கைக்கு நேர் மேலே பெட்ரோல் தொட்டி இருந்தது. பாராசூட்டோடு அவசரமாக வெளியேற முடியாது. அதனால் இதைத் தயாரித்த டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் தொட்டியோடு மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளினார்கள். விமானத்தின் சமநிலை கெடாமலிருக்க இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். உங்கள் மாடலில் மேல் இறக்கை நேர்க்கோடாக இருந்தால் அது டைகர் மாத் இல்லை. இன்னொன்று, எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகை) கீழ் இறக்கையில் மட்டும்தான், மேலேயும் வரைந்துவிடாதீர்கள்.

சரி, புளூபிரின்ட் விற்பவர். பிரிட்டிஷ் தொழிற்சாலை அடியிலும் அங்குலத்திலும் வேலை செய்த காலம் அது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அவர்கள் சுருக்கி வரைந்தால் 12, 24, 48 என்றுதான் கணக்கு ஓடும். 1:33 என்பது போலந்துக் காகித மாடல்களால் பரவிய அளவு. 1931-ல் முதலில் பறந்த விமானத்துக்கு 1:33-ல் ‘ஃபேக்டரி ஒரிஜினல்’ எப்படி வரும்? நீங்கள் வைத்திருக்கும் அதே பத்திரிகைப் படத்தை யாரோ பெரிதாக்கி, நீலத்தில் வெள்ளைக் கோடாக மாற்றி, ஓரத்தில் ஒரு முத்திரை குத்தியிருப்பார். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் விலாக்களில் ஏதாவது ஒன்றுக்குப் படத்தில் எழுதியிருக்கும் அளவை அங்குலத்தில் சொல்லுங்கள்.” பதில் வராது, ‘இன்று மட்டும் தள்ளுபடி’ என்றுதான் வரும். இலவசமாகக் கிடைக்கும் மாடல் கோப்புகளுக்கு நிறம் மாற்றி விற்கும் கூட்டமும் இதே ஆட்கள்தான்.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம், அசல் வரைபடங்களை வைத்திருக்கும் காப்பகங்கள். எட்டாயிரத்துக்கும் மேல் செய்த விமானம், துணியும் மரமும் இரும்புக் குழாயும். இதில் இனி என்ன ராணுவ ரகசியம்? ஆனாலும் படிவம் நிரப்பு, காரணம் எழுது, தாளுக்கு இவ்வளவு கட்டு என்பார்கள். ஒரு காப்பகத்திடம் வால் விலா ஒன்றின் படம் கேட்டேன். நாலு மாதம் கழித்து எஞ்சின் மூடியின் படம் வந்தது, அளவு எழுதிய இடத்தின் மேலேயே அவர்கள் பெயரை அச்சடித்து. முறையாகக் கேட்பவனுக்கு இந்தக் கதி என்றால் அவன் இடைத்தரகரிடம் போகாமல் என்ன செய்வான்?

படத்தைவிட உங்களுக்கு இப்போது தேவை புகைப்படங்கள். எந்த ரகம் என்று பார்த்து எடுங்கள். கனடாவில் செய்த டிஎச் 82சி-யில் விமானி இருக்கைக்கு மேல் கண்ணாடிக் கூரை இருக்கும், சக்கரக் கால்கள் முன்னே தள்ளியிருக்கும், வாலில் சறுக்குக் கட்டைக்குப் பதில் சக்கரம். அதைப் பார்த்து பிரிட்டிஷ் விமானத்தை வரைந்தால் ரெண்டும் கெட்டானாகிவிடும்.

ஏற்கெனவே ஒட்டிய உடலைக் கிழிக்க வேண்டாம். இடைவெளி வயிற்றில்தான் இருக்கிறது. அதே நிறத் தாளில் 6 மி.மீ அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஃபார்மர் வரும் இடங்களில் மட்டும் பிளவு விட்டு, உள்பக்கமிருந்து ஒட்டிவிடுங்கள். ஸ்ட்ரட்களை மட்டும் புதிதாக வெட்டுங்கள்.