மெடிக்கலில் முதல் மாதம்

கேள்வி: டி.ஃபார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பை முடித்து, பார்மசிஸ்டாகப் பதிவும் செய்து, எங்கள் ஊர் மெடிக்கலில் சேர்ந்து 5 வாரம் ஆகிறது. முதல் நாள் ரேக்கைக் காட்டினார்கள், பில் போடச் சொல்லித் தந்தார்கள், அவ்வளவுதான். 12 வருடமாக இருக்கும் அண்ணன் அட்டையின் நிறத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுக்கிறார். நான் சீட்டைப் படிக்க நேரமானால், "படிச்ச பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?" என்கிறார் முதலாளி. போன வாரம் 'கிளைகோமெட் 500' வாங்க வந்த பாட்டிக்கு 'கிளைகோமெட் ஜிபி' கொடுத்துவிட்டேன். மறுநாள் பேரன் திருப்பிக் கொண்டுவந்தான். நல்லவேளை, பாட்டி போடவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து சீட்டை வாங்கினாலே கை நடுங்குகிறது. வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், 'நீ' என்றே எழுதுகிறேன். இப்போதைக்கு விடாதே.

கிளைகோமெட் 500 சர்க்கரை நோய் மாத்திரை, அதில் இருப்பது மெட்ஃபார்மின் மட்டும். அது தனியாகச் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அரிது. ஜிபியில் அதோடு கிளிமிபிரைடும் இருக்கிறது, அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ராத்திரி ஒரு இட்லியோடு படுத்துவிடும் பாட்டிக்கு விடிகாலையில் உடம்பு வியர்த்து, பேச்சுக் குழறி, எழுப்பினாலும் எழ முடியாமல் போகலாம். இது உனக்குத் தெரிந்ததால்தான் கை நடுங்குகிறது. நான் ஒரு அரசு மருத்துவமனை மருந்தகத்தில் சேர்ந்தபோது எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. சன்னலுக்கு வெளியே நீளும் வரிசையைப் பார்த்தே பாதி நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். உன் பயம் எனக்குப் புரிகிறது.

கடையில் உள்ள எல்லாப் பெயரையும் இப்போதே மனப்பாடம் செய்யப் பார்க்காதே. அது புழங்கப் புழங்க வந்துவிடும். மாறிப்போனால் உயிருக்கு ஆபத்தான மருந்துகளை முதலில் பிடித்துக்கொள். முடக்குவாதத்துக்கு எழுதும் ஃபோலிட்ராக்ஸை எடுத்துக்கொள். அது மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே நாள் போட வேண்டியது. அதே சீட்டில் ஃபோல்வைட்டும் பெரும்பாலும் இருக்கும், அது ஃபோலிக் ஆசிட். இரண்டு பெயரும் ஒரே மாதிரி தொடங்கும். ஒன்றை இன்னொன்றாக நினைத்து மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போயிருக்கிறது. டாக்டர் சொன்ன கிழமையைக் கவரில் தமிழில் பெரிதாக எழுது. "எப்போ போடுவீங்கம்மா?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வை.

குழந்தைகளின் பாராசிட்டமாலும் அப்படித்தான். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் கைக்குழந்தைக்குள் 500 மில்லிகிராம் போய்விடும். இன்சுலின், தைராய்டு மாத்திரையின் அளவுகள், வலிப்பு மருந்துகள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்துகள், இவையும் உன் பட்டியலில் இருக்கட்டும். ஒரு நோட்டு போடு. கடை அடைக்கும் முன், அன்று உன்னைத் தடுமாற வைத்த 3 மருந்துகளை எழுது: பிராண்டு, உள்ளே இருக்கும் மருந்து, எதற்கு, எதோடு குழம்பும்.

அந்த அண்ணனை எதிரியாக நினைக்காதே. உங்கள் ஊர் டாக்டர்களின் கையெழுத்து அவருக்குப் பழக்கம். அதை அவரிடம் கற்றுக்கொள். ஆனால் அவர் எடுத்து வைப்பதை அட்டையில் உள்ள பெயரையும் அளவையும் படித்துச் சரிபார்த்த பிறகே கொடு.

முதலாளியிடம் கூட்ட நேரத்தில் பேசாதே. காலையில் கடை திறந்ததும் சொல்: "ஐயா, போன வாரம் ஒரு தப்பு நடந்துவிட்டது. இனி சந்தேகம் வந்தால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்." அந்தப் பேரன் வழியாக அவர் காதுக்குப் போகும் முன் நீயே சொல்வது நல்லது. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, சீட்டு மருந்தைப் பதிவுபெற்ற பார்மசிஸ்ட்தான் கொடுக்க வேண்டும். நீ கவுன்ட்டரில் நிற்கும்போது அந்தப் பொறுப்பு உன்னுடையது. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள நீ யாரிடமும் கூசவேண்டியதில்லை.

ஆனால் முதலாளி, சீட்டில்லாமல் அல்பிரசோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைக் கொடு, எச்1 பதிவேட்டில் (அதுபோன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதும் பதிவேடு) ஏதாவது ஒரு பெயரை எழுது, நீ வராவிட்டாலும் உன் சான்றிதழ் சுவரில் தொங்கட்டும் என்று சொன்னால் ஒரு நாள்கூட இருக்காதே. அந்தப் பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். விலகும்போது சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொள். மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடு.

நாளைக் காலை கடைக்குப் போனதும் கிளைகோமெட்டையும் ஜிபியையும் வேறு வேறு தட்டில் பிரித்து வை. அந்தப் பாட்டி அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்தால் நீயே எடுத்துக் கொடு. 6 மாதம் கழித்து, நோட்டில் எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று எனக்கு எழுது.